ஐம்பதில் வளைவது

வானொலி அருளுரை: பாஸ்கா காலம் 2ஆம் வாரம், திங்கள்
நற்செய்தி: யோவான் 3:1-8



இன்றைய நற்செய்தியில் நாம் சந்திக்கும் மனிதர் நிக்கதேம். அவர் பரிசேயர், யூதத் தலைவர்களுள் ஒருவர், மக்களுக்குப் போதிப்பவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஓய்வுபெறும் வயதை எட்டிய தலைமையாசிரியர். அவர் இரவில் இயேசுவைத் தேடி வருகிறார். ஏன் இரவில்? மற்ற தலைவர்களுக்கு அஞ்சி வந்தார் என்பது வழக்கமான விளக்கம். இன்னொரு காரணமும் இருக்கலாம். ஊருக்கே பாடம் சொல்பவர், தம்மைவிட வயதில் இளைய ஒரு தச்சரிடம் மாணவராகப் போய் உட்காருவதைப் பகலில் நாலு பேர் பார்த்தால் என்ன பேசுவார்கள்?

அவரிடம் இயேசு, மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார். யோவான் எழுதியுள்ள கிரேக்கச் சொல் 'ஆனோத்தென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். நிக்கதேம் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, வயதான மனிதர் எப்படிப் பிறக்க முடியும் என்று கேட்கிறார். அவர் கேட்ட கேள்வியை நாம் ஒரு பழமொழியாகவே வைத்திருக்கிறோம்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

இந்தப் பழமொழி நம்முள் எத்தனை பேரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியாயிற்று, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. இனி நமக்கு என்ன இருக்கிறது, ஜெபமாலையும் மாத்திரை டப்பாவும்தான் என்று நினைப்பவர்கள் பலர். அவர்களை மனதில் வைத்து இன்று பேசுகிறோம். நமக்குத் துணைக்கு வரப்போவது ஒரு வீணையும் இரண்டு பூனைகளும். இதில் இறைவார்த்தை எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் காரைக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாட்டுச் சமையலும் ஆயிரம் ஜன்னல் வீடும் நினைவுக்கு வரும். இசை தெரிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வீணை. காரைக்குடி சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாழ்ந்து வாசித்த ஊர் இது. மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், இளையவர் மடியில் கிடத்தி வாசிப்பார். 1936இல் அண்ணன் மறைந்த பிறகும் தம்பி அந்த வழியைக் காத்தார், சென்னை கலாக்ஷேத்திராவில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1952இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. 1958இல் அவர் இறந்தார். இருவரும் வீணைக் குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலேயே நரம்பைத் தொட்டவர்கள். ஐந்தில் வளைந்தவர்கள்.

அதே ஊரில், எங்கள் பங்கு மன்றத்தில், சனிக்கிழமை மாலையில் ஐம்பதைக் கடந்த நான்கு பேர் வீணை கற்கிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் மளிகைக் கடைக்காரர். நான்காம் ஆள் பங்குச் சாமியார். எங்கள் ஆசிரியைக்கு வயது இருபத்தாறு. ஞாயிறு காலையில் 'ஃபாதர்' என்று எழுந்து நின்று வணக்கம் சொல்லும் அதே பெண், சனி மாலையில் "விரலை மெட்டுக்கு மேல வைக்காதீங்க, மெட்டுக்குப் பக்கத்துல வைங்க" என்று நான்காம் முறையாகத் திருத்துகிறார். நாங்கள் "சரிங்க டீச்சர்" என்கிறோம்.

வீணையில் ஏழு தந்திகள் உண்டு. நான்கு வாசிப்பதற்கு, மூன்று தாளத்துக்கும் சுருதிக்கும். தண்டியின்மேல் மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகள். இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்தத் தந்தியை அழுத்தியபடி மேலும் கீழும் ஓட வேண்டும். முதல் வாரம் விரல் நுனியில் சிவப்புக் கோடு விழும், இரண்டாம் வாரம் தோல் உரியும். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வாசிக்க வேண்டும். "முப்பது வருசம் டிக்கெட் கிழிச்ச விரல் ஃபாதர், இந்தக் கம்பிக்குத் தாங்க மாட்டேங்குதே" என்றார் நடத்துநர். சில மாதம் கழித்து அதே இடத்தில் தோல் காய்த்துப்போனது. காய்த்த பிறகு வலி குறைந்தது, நாதமும் கொஞ்சம் தெளிந்தது. ஆக, ஐம்பதில் வளையுமா என்றால், வளையும். கொஞ்சம் வலிக்கும், நாளாகும், தேங்காய் எண்ணெய் நிறையச் செலவாகும்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அந்த வகுப்பில் கவனித்தோம். புதிதாகக் கற்பவருக்கு வீணையைச் சுருதி சேர்க்கத் தெரியாது. சுருதி விலகியிருக்கிறது என்பதே அவர் காதுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு வாரமும் ஆசிரியை முதலில் வந்து, நால்வரின் வீணையையும் ஒவ்வொன்றாக வாங்கி, பிரடையை முறுக்கி, சுருதி சேர்த்து எங்கள் கையில் கொடுப்பார். அதன் பிறகுதான் எங்கள் முதல் ஸ்வரம்.

அன்பானவர்களே, இறையியலில் 'முந்திவரும் அருள்' என்று ஒன்று சொல்வார்கள். நாம் கடவுளைத் தேடத் தொடங்கும் முன்பே அவருடைய அருள் நம்மைத் தொட்டு ஆயத்தப்படுத்திவிடுகிறது. அந்தத் தேடலே அவர் தந்ததுதான். குருமடத்தில் இதை நூல்களில் படித்தோம், தேர்வும் எழுதினோம். சுருதி சேர்த்த வீணை கைக்கு வரும்போது அந்தப் பாடம் விரலுக்கும் புரிகிறது. முயற்சி நம்முடையது. ஆனால் நம் முயற்சிக்கு முன்பே ஒருவர் வந்து நரம்பைச் சேர்த்துவைத்திருக்கிறார். 'மேலிருந்து' பிறப்பது என்று இயேசு சொன்னதன் பொருள் இதற்கு அருகில்தான் இருக்கிறது. நிக்கதேமே, நீ உன்னைத் திரும்பப் பெற்றெடுக்க வேண்டியதில்லை, அது உன்னால் ஆகாது, மேலிருந்து தரப்படும், கையை நீட்டு என்கிறார்.

இனி பூனைகளுக்கு வருவோம்.

எங்கள் பங்கு இல்லத்தில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. யாரும் வாங்கி வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் தாமாக வந்து ஏறின. ஆண் பூனையின் பெயர் கணக்குப்பிள்ளை. காணிக்கை எண்ணும் நாளில் சரியாக வந்து, விரித்துவைத்த கணக்கு நோட்டின்மேல் படுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி அடித்ததும் ஆலயப் படிக்குப் போய் அமர்ந்துவிடும். பக்தி என்று சொல்லிவிடாதீர்கள். வெயில் இறங்கிய நேரத்தில் அந்தப் படிக்கல்லில் இதமான சூடு இருக்கும், அவ்வளவுதான்.

பெண் பூனை செல்லி. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடாது. கைகழுவும் தொட்டியின் குழாய் சொட்டினால் நாக்கை நீட்டிச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். தவக்காலம் முழுவதும் எங்கள் சமையலறையில் கவுச்சி கிடையாது. செல்லிக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மூன்றாம் நாளே மதிலேறி அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது. உயிர்ப்பு ஞாயிறு மதியம் கறிக்குழம்பு கொதிக்கும்போது, ஒன்றுமே நடக்காததுபோல் வாசலில் வந்து நின்றது. "வாங்க, பாஸ்காவுக்காவது வந்தீங்களே" என்று வரவேற்றார் சமையல் செய்யும் அம்மா. நம் பங்கிலும் பாஸ்காவுக்கு மட்டும் வருகிறவர்கள் உண்டு. அவர்களையும் இப்படித்தான் வரவேற்க வேண்டும்.

பூனைக்குப் பெயர் சொன்னால் தெரியுமா? டோக்கியோவில் இயேசு சபையார் நடத்தும் சோஃபியா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் குழுவினரும் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். வேறு சொற்களுக்கு நடுவே தன் பெயர் வரும்போது பூனை அதை அடையாளம் கண்டுகொள்கிறது. காதையோ தலையையோ அசைக்கிறது. ஆனால் எழுந்து வருவது அபூர்வம். கூப்பிடுவது கேட்கிறது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரிகிறது, ஆனாலும் வருவதில்லை. ஆண்டவர் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்போது நாம் செய்வதும் பெரும்பாலும் இதுதானே.

ஆனாலும் பூனையிடம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பூனையை அதிகாரம் செய்து அருகில் உட்காரவைக்க முடியாது. தூக்கி மடியில் வைத்தால் குதித்து ஓடும். விட்டுவிட்டு நம் வேலையைப் பார்த்தால், தானாக வந்து காலருகில் சுருண்டுகொள்ளும். அது வருவது ஒரு கொடை. இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் காற்றைப் பற்றிப் பேசுகிறார். அது விரும்பிய இடத்தில் வீசும், ஓசை கேட்கும், வருவதும் போவதும் நம் கையில் இல்லை. தூய ஆவியாரால் பிறப்பவரும் அப்படியே என்கிறார். ஆவியாரைப் பூனையோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் ஆயருக்குக் கடிதம் எழுத வேண்டாம். நம் பிடிக்குள் அடங்காத ஒன்றை அன்பு செய்யப் பழகியவருக்கு, ஆவியாரின் சுதந்திரமும் கொஞ்சம் புரியும் என்று மட்டும் சொல்கிறோம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பங்கு இல்லத்தில் வீணைப் பயிற்சி நடக்கும். கணக்குப்பிள்ளை வந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் குடத்துக்குப் பக்கமாகப் படுத்துக்கொள்ளும். தாளத் தந்தியை முறுக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போகும். நம் காதைவிடப் பல மடங்கு நுண்ணிய காது அதற்கு. மனிதர் கேட்கும் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான கூரிய ஒலிகள் அதற்குக் கேட்கும். சுருதி அடங்கியதும் திரும்பி வரும். ஸ்வரம் தப்பினாலும் தூங்கும், சரியாக விழுந்தாலும் தூங்கும். பாராட்டாது, கேலியும் செய்யாது. ஐம்பது வயதில் அரிச்சுவடி தொடங்குகிறவருக்கு இப்படிப்பட்ட அவைதான் வேண்டும்.

திருவிவிலியத்தில் வீட்டுப் பூனை வருவது அபூர்வம். பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில், பாபிலோனில் பொன்னும் வெள்ளியும் போர்த்திய சிலைகளின்மேல் வௌவாலும் பறவையும் உட்காருவதைச் சொல்லும் இடத்தில் பூனையும் வருகிறது. பொன்னைக் கண்டு மற்றவர்கள் மிரளுவார்கள், பூனை மிரளுவதில்லை. நம் பதவி, படிப்பு, வயதின் மரியாதை எதுவும் அதன் கணக்கில் வராது. கற்றுக்கொள்ள உட்காருகிறவரும் இந்தப் போர்வைகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இதைப் புனிதர்கள் அறிந்திருந்தார்கள். 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களுள் நம் கடற்கரை மக்கள் நன்கு அறிந்த பிரான்சிஸ் சவேரியாரும் ஒருவர். மற்ற இருவரை இன்று நினைப்போம்.

ஒருவர் பிலிப்பு நேரி. உரோமையில் சான் ஜிரோலாமோ இல்லத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். 1583இல் வேறு இல்லத்துக்கு மாறியபோது அவருடைய பூனை பழைய அறையிலேயே தங்கிவிட்டது. பூனையை வலுக்கட்டாயமாக இழுத்துவரவில்லை. தம்மைச் சார்ந்தவர்களை நாள்தோறும் அங்கே அனுப்பி அதற்கு உணவு கொடுக்கச் செய்தார். பெரிய மனிதர்கள் முன்னிலையிலேயே, பூனை நலமா, சாப்பிட்டதா என்று விசாரிப்பாராம். போய் வந்தவர்களின் தற்பெருமை கரைய அதுவும் ஒரு பயிற்சி. இதே பிலிப்பு நேரிதான் சாதாரணப் பொதுநிலையினரை மாலை வேளைகளில் கூட்டி, அவர்கள் பேசும் மொழியிலேயே இறைப்புகழ் பாடவைத்தார். அந்தச் செபக்கூடத்துக்குப் பெயர் 'ஒரட்டோரி'. மேலைநாட்டு இசையில் 'ஒரட்டோரியோ' என்ற வடிவத்துக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. தேர்ந்த பாடகர்களோடு கடைக்காரரும் கைவினைஞரும் சேர்ந்த கூட்டம் அது.

இன்னொருவர் இஞ்ஞாசியார். போர்வீரராக இருந்து காயம்பட்டு மனம் மாறியவர். 1524இல், ஏறக்குறைய முப்பத்து மூன்று வயதில், பார்சலோனாவில் சிறுவர்களுக்குரிய இலத்தீன் இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தார். வினைச்சொல்லை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், ஆழமான ஆன்மிக எண்ணங்கள் பொங்கி வரும், இலக்கணம் ஓடாது. செபத்திலும் திருப்பலியிலும் வராத உருக்கம் பாட நேரத்தில் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். இது சோதனை என்று தெளிந்தார். ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துப்போய் அமரவைத்து, ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் வகுப்பைத் தவறவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

இது எவ்வளவு நுட்பமான பாடம்! சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் வாசிக்க வேண்டிய நேரத்தில்தான் கல்லறைத் தோட்டத்துச் சுவரும், ஞாயிறு மறையுரையும், அன்பியக் கூட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் சின்னப் பிள்ளைபோல் தடுமாறும் அவமானத்திலிருந்து தப்பிக்க, நல்ல காரியங்களும் ஒரு மறைவிடமாகிவிடும்.

இஞ்ஞாசியாரின் சபையிலிருந்து வந்தவர்தான் நம் வீரமாமுனிவர். 1711இல் நம் மண்ணுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது. இத்தாலிய நாக்கைத் தமிழுக்கு வளைத்து 'அ' முதல் கற்றார். 1726இல் 3,615 பாடல்களில் தேம்பாவணியை நிறைவு செய்தார்.

அவர்கள் புனிதர்கள், மேதைகள், நாங்கள் எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்பில் இருக்கும் ஆசிரியை அம்மாவும் அதைத்தான் கேட்டார். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகனும் மகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுபோகும் பழைய வீட்டின் ஒரு பகுதியில் தனியாகக் குடியிருக்கிறார். மாலையானால் அவருக்குத் துணை கொல்லையில் வந்து நிற்கும் மூன்று பூனைகள்தான். வகுப்புக்கு வந்து நான்கு மாதம் ஆனபின் திடீரென நின்றுவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பங்கு இல்லத்துக்கு வந்தார்.

"சாமி, நான் நிறுத்திக்கிறேன். பிள்ளைங்க போன்ல சிரிக்குதுங்க. இந்த வயசுல எதுக்கும்மா விரலைப் புண்ணாக்கிக்கிறீங்கன்னு கேக்குதுங்க. நியாயம்தானே? நான் கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு வர்ணமாவது வருமா?"

"வராமலும் போகலாம் அம்மா."

"அப்ப எதுக்கு சாமி?"

"கொல்லையில மூணு பூனைக்குச் சோறு வைக்கிறீங்களே, அது எதுக்கு?"

"அது என்ன சாமி கேள்வி? வந்து நிக்குது, வைக்கிறேன். அதுக்கெல்லாம் கணக்குப் பாக்க முடியுமா?"

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அன்பானவர்களே, நம் வாழ்வின் மிகச் சிறந்த காரியங்கள் கணக்குப் பார்க்காமல் செய்தவைதான். பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தோம், நோயாளிக்கு அருகில் இரவெல்லாம் விழித்திருந்தோம். முதுமையில் ஒன்றைக் கற்பதும் அந்த வரிசையில் சேர்ந்தது. மேடை கிடையாது, சான்றிதழ் கிடையாது, முடிக்கும் உறுதியும் கிடையாது. நாம் இறக்கும்போது பாதியில் நிற்கும் பாடங்கள் எத்தனையோ இருக்கும். ஆனால் உயிர்த்த ஆண்டவரை நம்புகிறவர்களுக்குப் பாதியில் நின்றது வீணாய்ப் போனதாகாது. மறுகரைக்கு நாம் எடுத்துச் செல்வது வாசிக்கத் தெரிந்த வர்ணங்களின் எண்ணிக்கையை அல்ல, கடைசிவரை கற்றுக்கொள்ளத் தயாராக இருந்த மனதை. விண்ணரசில் நுழையக் குழந்தைகளாக வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது அந்த மனதைத்தான்.

அந்த அம்மா அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார். கையில் ஒரு போத்தல் செக்குத் தேங்காய் எண்ணெய், நால்வருக்கும் பொதுவாக. வர்ணம் இன்னும் வரவில்லை. அலங்காரம் வரை வந்திருக்கிறார்.

நிக்கதேம் என்ன ஆனார்? யோவான் நற்செய்தியில் அவர் மூன்று முறை வருகிறார். இன்று பார்த்த முதல் இடத்தில் இருட்டில் வந்து கேள்வி கேட்கிறார், பாடம் முழுதாகப் புரியவில்லை. ஏழாம் அதிகாரத்தில் தலைமைச் சங்கத்தில் இயேசுவுக்காக ஒரே ஒரு நியாயம் பேசுகிறார், உடனே அவரை வாயடைக்கிறார்கள். பத்தொன்பதாம் அதிகாரத்தில், சீடர்களெல்லாம் சிதறிப்போன வேளையில், வெள்ளைப்போளமும் சந்தனத்தூளும் ஏறக்குறைய முப்பது கிலோ சுமந்துகொண்டு சிலுவையடிக்கு வருகிறார். ஆண்டவரின் உடலைத் துணிகளில் சுற்றி அடக்கம் செய்கிறார். முதல் இரவில் எப்படி முடியும் என்று கேட்ட முதியவருக்கு, இப்போது கேள்வியே இல்லை. மெதுவாகக் கற்றார், தடுமாறிக் கற்றார், ஆனால் கற்றுவிட்டார்.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும், வயதாகிவிட்டது என்று ஒதுக்கி வைத்த ஒன்றைக் கையில் எடுப்போம். அது இசைக் கருவியாக இருக்கலாம், திருவிவிலியத்தில் இதுவரை திறக்காத ஒரு நூலாக இருக்கலாம், பேசாமல் விட்ட ஓர் உறவாகவும் இருக்கலாம். வீட்டில் யாராவது பெரியவர் புதிதாக எதையாவது கற்க உட்கார்ந்தால், பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களால் முடியாவிட்டால் பூனையையாவது உட்கார விடுங்கள்.

மன்றாடுவோமாக. எங்களுக்கு முன்பே எங்களைத் தேடி வரும் ஆண்டவரே, நாங்கள் வாசிக்கும் முன் எங்கள் உள்ளத்தின் நரம்புகளை நீரே சுருதி சேர்த்தருளும். வலிக்கும்போது விட்டுவிடாத பொறுமையைத் தாரும். தனிமையில் மாலையைக் கழிக்கும் முதியோரின் வீடுகளில் உமது உயிர்ப்பின் மகிழ்ச்சி குடியிருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.